புதுப்பிப்பு: கணையப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கசிவு வருமா என்று கேட்டிருந்தேன்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமாவுக்கு விப்பிள் அறுவை (கணையத்தின் தலைப்பகுதியை அகற்றி, மீதிக் கணையத்தைக் குடலோடு தைப்பது) நடக்கவிருந்தபோது, தையல் வழியே கணையநீர் கசிவது போன்ற பின்விளைவுகளை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த எல்லோருக்கும் நன்றி. மாமா வீடு திரும்பிவிட்டார்.

பயன்பட்டது, ‘கசிவு அபாய மதிப்பெண்ணைக் கேளுங்கள்’ என்ற யோசனைதான். கணையம் மென்மையா கெட்டியா, கணைய நாளத்தின் அகலம், கட்டியின் வகை, அறுவையில் போன இரத்தம் ஆகிய நான்கையும் கூட்டி 0 முதல் 10 வரை தருகிறார்கள்; எண் கூடினால் அபாயமும் கூடும். முழு மதிப்பெண் அறுவை முடிந்த பிறகே தெரியும். நாளத்தின் அகலத்தை மட்டும் சிடி ஸ்கேன் முன்பே காட்டிவிடும். மாமாவுக்குக் கணையம் கெட்டி, நாளம் 6 மில்லிமீட்டர், கட்டி அடினோகார்சினோமா (கணையப் புற்றில் பொதுவான வகை); மூன்றுக்கும் 0. இரத்தம் 400 மில்லியைச் சற்றுத் தாண்டியதால் மொத்தம் 1. புற்றுநோய் அடைத்து வீங்கிய நாளமும் இறுகிய கணையமும் தையலைத் தாங்குமாம். விசித்திரமான ஆறுதல்!

வயிற்றில் வைத்த வடிகுழாய் நீரில் அமைலேஸ் (கணைய நொதி; மிக அதிகமானால் கசிவுக்கான அறிகுறி) பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. முதல் நாள் அளவு லிட்டருக்கு 5000 யூனிட்டுக்கு மிகக் கீழே இருந்ததால் குழாயைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். கசிவு வரவில்லை.

எதிர்பாராதது வயிறு. உணவு கீழே இறங்காமல் வாந்தி. மூக்குக் குழாயை மறுபடி போட்டார்கள். இது இந்த அறுவைக்குப் பின் அடிக்கடி வருவதுதான், ஆனால் அந்த மதிப்பெண் கசிவை மட்டுமே கணிக்கிறது. பிறகு தானாகச் சரியானது. இப்போது சாப்பாட்டோடு நொதி மாத்திரை. பீன்ஸ் கறி கேட்டு அத்தையோடு சண்டை.