மூணடித் தொட்டியில் முதல் சிக்லிட்: கெணத்து வெள்ளம் போதுமா?

தக்கலைத்தொட்டி

வணக்கம் அண்ணாச்சிமாரே. தொட்டி வாங்கியாச்சு, சிக்லிட் குடும்பத்து மீன் இன்னும் வாங்கல. நீளம் 3 அடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை, கண்ணாடி 8 மி.மீ. உள்ளே முக்கி வைக்கிற பவர் ஃபில்டர் ஒண்ணு இருக்கு, மணிக்கு 1000 லிட்டர்னு அட்டையில போட்டிருக்கு. கெணத்து வெள்ளம்தான். இறைச்ச உடனே டெஸ்ட் கிட்ல பாத்தா பி.எச் (அமில-கார அளவு) 6.4, கே.எச் (பி.எச்சைத் தாங்குற கார்பனேட் அளவு) 2, ஜி.எச் (மொத்தக் கடினத்தன்மை) 3.

கடையில சொன்னது: மஞ்சள் ஆப்பிரிக்கன் சிக்லிட் ஆறு, ஆஸ்கார் ரெண்டு, ஃப்ளவர்ஹார்ன் குஞ்சு ஒண்ணு, எல்லாத்தையும் சேத்துப் போடலாம். ஒரு நாள் ஃபில்டரை ஓட விட்டா போதும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல் மணலும் ரெண்டு பவளக்கல்லும் அடியில போட்டா பி.எச் தானா ஏறும். இதுல எதை நம்பலாம்?

மணக்குடிக்காயல்

ஒண்ணையும் நம்ப வேண்டாம் தம்பி. முதல்ல மீனைப் பாப்போம்.

ஆஸ்கார் தென் அமெரிக்க மீன், ஒரு அடி வளரும். ஃப்ளவர்ஹார்ன் மனுஷன் கலந்து உண்டாக்கின கலப்பினம், அதுவும் ஒரு அடி வரும். வளந்த பிறகு தொட்டியில தன்னைத் தவிர வேற உயிர் இருக்கிறதே அதுக்குப் பிடிக்காது. உங்க தொட்டி அகலம் ஒன்றரை அடி. ஒரு அடி மீன் அதுல திரும்புறதுக்கே மூச்சு முட்டும். குஞ்சா இருக்கும்போது ரெண்டு இஞ்சுதான், ஏமாறுற இடம் அதுதான். இந்த ரெண்டையும் மறந்துருங்க.

மஞ்சள் மீன் மலாவி ஏரியில உள்ளது. எல்லோ லாப்னு கேட்டா கடையில தெரியும். நாலு இஞ்சு வரை வரும், பாறை இடுக்குல வாழற ‘முபுனா’ வகை. ஏரித் தண்ணி காரத்தன்மை உள்ளது, பி.எச் 7.8 முதல் 8.6 வரை. உங்க கிணறு நேர் எதிர்.

அதனால ரெண்டு வழி. ஒண்ணு, தண்ணிக்கு ஏத்த மீன்: ஏஞ்சல். அதுவும் சிக்லிட்தான், பலருக்கு அது தெரியாது. ஒன்றரை அடி உயரம் அதுக்குச் சரியா இருக்கும். குஞ்சா அஞ்சாறு போடுங்க. ஜோடி சேந்து முட்டை வைக்க இடம் பிடிச்சா மத்ததை விரட்டும், அப்போ மிச்சத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துரலாம். ரெண்டாவது வழி, மீனுக்கு ஏத்த மாதிரி தண்ணியை மாத்துறது. முடியாத காரியம் இல்ல. ஆனா ஒவ்வொரு வாரமும், தொட்டி இருக்கிற காலம் வரைக்கும் செய்யணும். முதல் தொட்டிக்கு என் ஓட்டு ஏஞ்சலுக்கு.

நம்ம காயல்லயே சிக்லிட் இருக்கே, கரிமீன், அதைப் போடலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க. கரிமீன் பெருசாயிரும், மூணடி பத்தாது. மலையாளத்துல பள்ளத்திம்பாங்களே, அந்த ஆரஞ்சு நிறச் சின்ன மீன் எட்டு போடலாம். ஆனா லேசா உப்புக் கலந்த தண்ணிதான் அதுக்கு ஒத்துக்கும். உங்க வெள்ளத்துல பூஞ்சை பிடிக்கும்.

கல்கிணறு_குலசேகரம்

மீன் விஷயத்துல மேல சொன்னதுதான். வெள்ளத்தைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா கதை முடியுறது இங்கதான்.

இறைச்ச உடனே எடுத்த பி.எச் கணக்கில்ல. கெணத்து வெள்ளத்துல கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு கிடக்கும். ஒரு பக்கெட்ல 24 மணி நேரம் காத்துக்கல் (ஏர் பம்புல குமிழி விடுற கல்) ஓட விட்டு மறுபடியும் பாருங்க, ஏழைத் தாண்டிக் காட்டும். மாறாம நிக்கிறது கே.எச் 2. உங்க பிரச்சினை பி.எச் இல்ல, அந்த கே.எச் 2-தான்.

காரணம் இது. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை ஃபில்டர் பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும். அந்த வேலையில கே.எச் தின்னப்படும். கே.எச் 2 வெச்சுக் கணக்குப் போட்டா, நைட்ரேட் 22 பி.பி.எம் (லிட்டருக்கு 22 மில்லிகிராம்) தொடும்போது கே.எச் பூஜ்யம். அதுக்கு மேல பி.எச் சடசடன்னு இறங்கும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும். வெளியே பாத்தா வெள்ளம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும்.

ஒரு நாள் ஓட்டினா பாக்டீரியா வராது, நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மணலும் கல்லும் போக உங்க தொட்டியில 150 லிட்டர் நிக்கும். லேப் தரத்து அம்மோனியம் குளோரைடு 1 கிராம் கரைச்சு ஊத்தினா அம்மோனியா 2 பி.பி.எம் காட்டும். பூஜ்யமானதும் மறுபடியும் 1 கிராம். பலருக்கு மூணாவது தடவையோட சைக்கிள் (பாக்டீரியா வளந்து தொட்டி தயாராகிற வேலை) நின்னுபோவும், மேல சொன்ன கணக்குதான் காரணம். அதனால ஆரம்பத்துலயே ஆப்பச்சோடா போட்டு கே.எச்சை 5, 6-க்குக் கொண்டு வந்துருங்க. 150 லிட்டருக்கு 4.5 கிராம் போட்டா கே.எச் ஒண்ணு ஏறும். ஊத்தின 2 பி.பி.எம் ஒரே நாள்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா வந்தா தொட்டி தயார். பாதிக்கு மேல வெள்ளம் மாத்தி நைட்ரேட்டைக் குறைச்சிட்டு மீனை விடுங்க.

பஞ்சாயத்துல கெணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தா ரெண்டு மூணு நாள் அந்த வெள்ளத்தைத் தொடாதீங்க. குளோரின் பாக்டீரியாவையும் சேத்துக் கொல்லும்.

மணக்குடிக்காயல்

மணல் பாக்கி இருக்கு. மணவாளக்குறிச்சி மணல் வேண்டவே வேண்டாம். அந்தக் கருமணல்ல இல்மனைட்டு, கார்னெட்டு, மோனசைட்டுன்னு கனிமங்கள் கலந்திருக்கு. மோனசைட்ல கதிர்வீச்சு உள்ள தோரியம் உண்டு. அதை விடுங்க, தொட்டிக்கே கெடுதல்: கார்னெட் உப்புத்தாள்ல ஒட்டுற சரக்கு, கண்ணாடி துடைக்கிற காந்தத்துல ஒரு பொடி சிக்கினாலும் கோடு விழும். முபுனா நாள் பூரா மணலைத் தோண்டும், அந்த மணல் ஃபில்டர் விசிறிக்குள்ள போனா விசிறி தேஞ்சிரும். ஆத்து மணல் 25 கிலோ, அலசின தண்ணி தெளியுற வரை அலசிப் போடுங்க.

பவளக்கல்லைத் தொடாதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல தடை உள்ளது, செத்த பவளமும் அதுல அடக்கம். காஞ்ச சிப்பி ஓடு அரைக்கிலோ உடைச்சு வலைப்பையில கட்டி ஃபில்டர் பக்கத்துல தொங்க விட்டா அதே வேலை நடக்கும். ஆனா ஓடு மெதுவாத்தான் கரையும். கே.எச் விழாம தாங்கிப் பிடிக்கும், பி.எச்சை 8.3-க்கு ஏத்தாது. ஏஞ்சல் தொட்டிக்கு அவ்வளவு போதும்.

தக்கலைத்தொட்டி

ரொம்ப நன்றி. வீட்டுல எல்லாருக்கும் அந்த மஞ்சள் மேலதான் கண்ணு. எல்லோ லாப் மட்டும் போட்டா எத்தனை போடலாம்? சோடாவை எப்படிப் போடணும்? ஏறின பி.எச்ல வேற ஏதாவது ஆபத்து உண்டா?

கல்கிணறு_குலசேகரம்

உண்டு. கே.எச் 8 வேணும்னா 150 லிட்டருக்கு 27 கிராம் ஆப்பச்சோடா, ஜி.எச் ஏற எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 33 கிராம். இது முதல் தடவை. அப்புறம் வாரா வாரம் 40 லிட்டர் மாத்தும்போது பக்கெட்லயே சோடா 7 கிராம், எப்சம் 9 கிராம் கரைச்சு ஊத்தணும். பலர் முதல் நாள் சோடா போட்டுட்டு அப்புறம் வெறும் கெணத்து வெள்ளத்தை ஊத்துவாங்க, பி.எச் ஊஞ்சலாடி மீன் நொந்துபோவும். ஐப்பசி கார்த்திகை மழையில கெணறு நிறையும்போது கே.எச் இன்னும் இறங்கலாம், ஒவ்வொரு தடவையும் அளந்துட்டுப் போடுங்க.

மீன் கிடக்கிற தொட்டியில நேரா சோடாவைக் கொட்டாதீங்க. 28 டிகிரி சூட்டுல, பி.எச் 6.4-ல மொத்த அம்மோனியாவுல நச்சா இருக்கிறது நூத்துல 0.2 பங்குகூட இல்ல. 8.3-ல 12 பங்கு. அதே வெள்ளம், அதே கழிவு, விஷம் எழுபது மடங்கு. சோடா போட்ட அன்னைக்கு ராத்திரியே மீன் மிதந்தா சோடாவைக் குத்தம் சொல்ல முடியாது, சைக்கிள் ஆகலைன்னு அர்த்தம்.

மணக்குடிக்காயல்

பத்துப் பன்னிரண்டு போடலாம், ஒரே நாள்ல. ஒண்ணு ரெண்டா சேத்தா முதல்ல வந்தது மொத்தத் தொட்டியும் தன்னோடதுன்னு நெனைச்சுப் புதுசை அடிக்கும். பாறையை மணலுக்கு மேல அடுக்காதீங்க, அடி கண்ணாடியில தெர்மாகோல் துண்டு வெச்சு அதுமேல அடுக்கிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்க. தோண்டித் தோண்டிப் பாறையைச் சரிச்சா 8 மி.மீ. தாங்காது.

தீனி ஸ்பைருலினா (ஒரு பாசி) கலந்த குருணை, ஒரு நிமிஷத்துல தீர்ற அளவு, நாளைக்கு ரெண்டு தடவை. ரத்தப்புழு, மாட்டு இதயம் போட்டா வயிறு உப்பி, நூல் மாதிரி வெள்ளைக் கழிவு விட்டுச் சாகும். ஹீட்டர் வாங்க வேண்டாம், நம்ம ஊருச் சூடு போதும். அந்தக் காசுல சார்ஜ் ஏறுற ஏர் பம்ப் ஒண்ணு வாங்குங்க. மழைக்காலத்துல கரண்டு போயி நாலு மணி நேரம் வராது.