வார்பேண்ட் ஆர்ச்சர்: எதிரே வந்தவை, எய்த விதம்

மத்தியகாலப் போரை ஆடும் வீடியோ கேமான மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட் வந்தது 2010-இல். இன்றும் அதில் புதிதாக ஆர்ச்சர், அதாவது வில்லாளி, எடுப்பவர்கள் அதிகம் சாவது ஒரே இடத்தில்தான்: திறந்த வெளியில், லான்ஸ் என்ற நீண்ட ஈட்டியை நீட்டிய குதிரைக்காரன் முன்னால். அதிலிருந்தே தொடங்கலாம்.

தூரத்தில் தெரிந்ததும் அம்பை விட்டுவிடுவதுதான் பிழை. அது தவறினால் இரண்டாவது அம்பை இழுத்து முடிப்பதற்குள் ஈட்டி நெஞ்சுக்கு வந்துவிடும். கையில் ஒரே அம்புதான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தாறு குதிரை நீளம் இடைவெளி வரும்போது, திரையின் நடுவில் குறி காட்டும் குறிவட்டம் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். அதற்கேற்ப இழுக்கத் தொடங்குங்கள். ஆளைக் குறிவைக்காதீர்கள், குதிரையை அடியுங்கள். அது பெரிய இலக்கு. உங்களை நோக்கிப் பாய்ந்து வருவதால் அம்பின் வேகத்தோடு அதன் வேகமும் சேர்ந்து அடி கூடுதலாக விழும். குதிரை சாய்ந்தால் மேலிருந்தவன் தரையில் உருண்டு எழச் சற்று நேரமாகும். அடுத்த அம்பு அவனுக்கு.

கனமான கவசம் போட்ட குதிரை ஒரு அம்பில் விழாது. அப்போது அம்பு விட்ட கையோடு உங்கள் வலப்பக்கம் நகருங்கள். லான்ஸ் அவன் வலக்கையில் இருக்கிறது. உங்கள் வலப்பக்கம் என்பது அவனுடைய இடப்பக்கம், முனை எளிதில் எட்டாத பக்கம். அதைவிட நல்லது, முதலிலேயே ஒரு பாறையையோ வேலியையோ படிக்கட்டையோ ஒட்டி நிற்பது. 1415-இல் ஆஜின்கோர்ட்டில் ஆங்கிலேய வில்லாளிகள் கூர்சீவிய கழிகளை முன்னால் நட்டுக்கொண்டு நின்றதும் இதே காரணத்துக்காகத்தான்.

*

மேலே சொன்னதில் குறிவட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தவறிய அம்புகள் அங்கேதான் தவறுகின்றன.

நாணை இழுத்ததும் குறிவட்டத்தின் கோடுகள் நடுவை நோக்கிச் சுருங்கும். முழுதாகச் சுருங்கியதும் ஒரு சிறு நேரம் அப்படியே நிற்கும். பிறகு கை தளர்ந்து மறுபடி விரியத் தொடங்கும். அந்தச் சிறு நேரத்தில்தான் விட வேண்டும். நடந்தால் விரியும், மவுஸை வெடுக்கென்று திருப்பினாலும் விரியும். ஆகவே முதலில் நில்லுங்கள், மவுஸை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் வையுங்கள், அப்புறம் இழுங்கள். இழுத்தபடியே இலக்கைத் துரத்தாதீர்கள். தொலைவில் இருப்பவனுக்கு ஷிஃப்ட் அழுத்தினால் பார்வை நெருங்கும். ஆனால் அப்போது பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்பது தெரியாது.

விரிந்துவிட்டதா? விடாதீர்கள். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் இழுப்பு ரத்தாகும், அம்பு தூணியிலேயே இருக்கும். திரும்ப இழுங்கள். இந்த வலது பொத்தான் பழகாதவர் எத்தனை மணி நேரம் ஆடினாலும் பாதி அம்புகளை மண்ணுக்குத்தான் கொடுப்பார்.

நம் ஊரிலிருந்து ஐரோப்பிய சர்வரில் ஆடுபவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் தாமதம், 150 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர் ஓடும் குதிரை அந்த 150 மில்லிசெகண்டில் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். அம்பு பறக்கும் நேரத்துக்காக எவ்வளவு முன்னால் வைக்கிறீர்களோ, அதோடு இந்த ஒன்றரை மீட்டரையும் சேர்த்து வையுங்கள். குறுக்கே ஓடும் குதிரைக்கு இது ரொம்ப முக்கியம். நேரே வருவதற்கு அவ்வளவாகத் தேவையில்லை.

*

குதிரையைவிட அதிகம் எதிர்ப்படுவது கேடயக்காரன். நார்டு படைக்காரன் ஒருவன் கேடயத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி மெல்ல நடந்து வருகிறான் என்றால், கேடய விளிம்பை ஒட்டித் தெரியும் தோளைக் குறிவைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். வார்பேண்டில் கேடயம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் அகலமாகவே அம்பைத் தடுக்கும். தோளில் பட வேண்டியது காற்றில் நின்று கேடயத்தில் குத்திக்கொண்டிருக்கும். சிறிய கேடயம் என்றால் பாதத்தை அடியுங்கள்.

பெரிய கேடயம் என்றால் அவனை விட்டுவிடுங்கள். அவன் உங்கள் ஆளோடு மோதும்வரை பொறுங்கள். வாளை ஓங்குவதற்குக் கேடயத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால் ஆர்ச்சர் நிற்க வேண்டிய இடம் சண்டைக்கு நேர் பின்னால் அல்ல, பக்கவாட்டில். பின்னால் நின்றால் உங்கள் ஆளின் முதுகுதான் தெரியும். பக்கத்தில் நின்றால் எதிரியின் விலா தெரியும்.

சண்டைக் கும்பலுக்குள் எய்வதைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: வேண்டாம். நண்பனுக்கு அடி விழும்படி சர்வர் அமைத்திருந்தால் அவன் சாவான். அடியின் ஒரு பங்கு எய்தவனுக்கே திரும்பும்படியும் அமைத்திருப்பார்கள். சாகாவிட்டாலும், முதுகில் அம்பு பட்ட அந்தத் தடுமாற்றத்தில் எதிரி வெட்டிவிடுவான். முன்வரிசையை முன்வரிசை பார்த்துக்கொள்ளட்டும். அடுத்து ஓடி வருகிற இரண்டாமவனை அடியுங்கள். ஓடுகிற அவசரத்தில் பலர் கேடயத்தைத் தூக்க மாட்டார்கள்.

*

என்ன எடுத்துக்கொண்டு போவது என்பதையும் சேர்த்துவிடலாம். இடம் நான்குதான். வில், ஒரு தூணி, ஒரு வாள் போக நாலாவதில் பலர் இரண்டாவது தூணி வைக்கிறார்கள். ஒரு தூணியில் ஏறத்தாழ 30 அம்பு இருக்கும். செத்தால் ரவுண்டு முடியும்வரை திரும்ப முடியாத பேட்டில் முறையில் ஒரு ரவுண்டில் அதுவே மிஞ்சும். அங்கே நாலாவது இடத்துக்குக் கேடயம்தான் சரி. முதுகில் தொங்கும்போதே பின்னாலிருந்து வரும் அம்பைத் தாங்கும். கிட்டே வந்தவனோடு வாளெடுத்தால் கைக்கும் வரும். செத்தால் மறுபடி பிறந்து வரும் சீஜ் என்ற கோட்டை முற்றுகை முறையில், மதில் மேல் நெடுநேரம் நிற்பதானால் இரண்டு தூணி. குத்தி நிற்கும் அம்புகளையும் பொறுக்கிக்கொள்ளலாம்.

ரோடோக், ஸ்வாடியா ஆகிய நாடுகளின் படையில் ஆடினால் வில்லுக்குப் பதில் விசையால் எய்யும் கிராஸ்போதான் கிடைக்கும். அதில் பொறுமைக்குக் கூலி உண்டு: ஏற்றி வைத்துவிட்டால் வில்லைப் போலக் கை தளராது, மூலையில் காத்திருந்து விடலாம். விட்ட பிறகு ஏற்றும் நேரம்தான் ஆபத்து. சுவர் மறைவுக்குள் போன பிறகே ஏற்றுங்கள்.

2021-இல் வந்த ஷிவல்ரி 2 என்ற இதே வகை கேமுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாணை இழுத்துப் பிடித்தால் அங்கே ஸ்டாமினா, அதாவது உடல்வலு அளவு, கரையும். அது தீர்ந்த நேரத்தில் கோடாரிக்காரன் வந்தால் தடுக்க ஒன்றும் மிஞ்சாது. 64 பேர் மோதும் கூட்டம் அது, நண்பனுக்கும் அடி விழும்.

*

எதிர் ஆர்ச்சரோடு நேருக்கு நேர் வந்தால் என்ன செய்வது? அவன் இழுப்பது தெரியும். இழுக்கும்போது ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருங்கள். அவன் உங்களுக்கு முன்னால் குறி வைப்பான். முழுதாக இழுத்துவிட்டான் என்று தெரிந்ததும் திசையை மாற்றுங்கள். அம்பு உங்களைத் தாண்டிப் போகும். அவன் அடுத்ததை இழுக்கும் இடைவெளியில் நின்று, வட்டம் சுருங்கவிட்டு, விடுங்கள். இரண்டு பேர் எய்கிறார்கள் என்றால் இது நடக்காது. மறைவுக்குள் போய், தலைகாட்டிய இடத்தில் மறுபடி தலைகாட்டாமல், நாலடி தள்ளி வெளியே வாருங்கள்.