புதுப்பிப்பு: பைக் விபத்துக்குப் பிறகு காலும் மனசும்

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, கம்பி வைத்திருக்கிறார்கள், மறுபடி நடப்பேனா என்று முன்பு கேட்டிருந்தேன். நடக்கிறேன், கைத்தடியோடு. ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எலும்பு கூடிவருகிறது. இந்த மாதிரி முறிவு சேர 4 முதல் 6 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகுமாம். சிகரெட் பிடித்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆனால் என்னைப் பாடாய்ப் படுத்தியது முழங்கால்தான். பாதத்தில் துண்டைச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து, குதிகாலை என் பக்கமாக இழுக்கச் சொல்வார் பிசியோதெரபிஸ்ட். பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன். 90 டிகிரி மடங்கிய அன்று நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா அழுதுவிட்டார்.

மனசு பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பிரேக் சத்தம் கேட்டாலே உடம்பு வெடவெடக்கும். கண்ணை மூடினால் அதே திருப்பம். சில வாரம் இப்படி இருப்பது இயல்புதான், ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் பிடிஎஸ்டியா (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனநலப் பாதிப்பு) என்று பார்க்க வேண்டும் என்றார் மனநல மருத்துவர். பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும் சிகிச்சை இப்போது நடக்கிறது. முதலில் நிறுத்தி வைத்த பைக்கின் மேல் கை வைத்தேன், பிறகு காரின் பின் சீட்டில் அதே சாலை. தூக்கம் வர ஆரம்பித்திருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்கள் எலும்பு டாக்டரிடமே தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்காமல் போகலாம். மறுபடி ஓட்டுவேனா? இன்னும் முடிவு செய்யவில்லை. அடிபட்ட ஹெல்மெட்டை மட்டும் யாரும் திரும்பப் போடாதீர்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே தெர்மகோல் நசுங்கியிருக்கலாம்.