‘புலப்படா மடிநோய்’: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

மாட்டின் மடியில் வெளியே தெரியாமல் இருக்கும் நோயான சப்-கிளினிக்கல் மாஸ்டைட்டிஸுக்குத் தமிழ்ச் சொல்லாக வந்திருக்கும் ‘மறைமுக மடிநோய்’ என்ற பரிந்துரையை ஏற்க மனம் வரவில்லை. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்றெல்லாம் எழுதுகிறோமே, அங்கே இன்னொன்றின் வழியாக நடப்பது என்று பொருள். இந்த நோயோ நேராகவே மடியைத் தாக்குகிறது. ‘அறிகுறியற்ற மடிநோய்’ என்பதும் பொருந்தாது. கறவை குறைகிறது, பாலில் வெள்ளணுக்கள் பெருகுகின்றன, உப்பு கூடுகிறது. இவை அறிகுறிகள் இல்லையா?

மடி வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டு, பால் திரிதிரியாக வந்தால் கறப்பவருக்கே தெரிந்துவிடும். ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியா மடிக்குள் தங்கிவிட்ட மாட்டிடம் இவை எதுவும் இல்லாமலே போகலாம். பாலும் பார்வைக்கு நல்ல பாலாகவே இருக்கும். அதைப் பிடிக்கத்தான் 1957-இல் வெளியான கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை. நான்கு குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, அதே அளவு ஊதாநிறத் திரவத்தைச் சேர்த்து, தட்டை மெல்லச் சுழற்ற வேண்டும். திரவத்திலுள்ள சலவைப்பொருள் அணுக்களை உடைக்க, வெளிவரும் டி.என்.ஏ. பாலைக் கொழகொழப்பாக்கும். ஒரு காம்பில் மட்டும் நோய் இருந்தால், மற்ற மூன்று குழிகளில் பால் தண்ணீராக ஓடும். நோயுள்ள காம்பின் பால் மட்டும் முட்டை வெள்ளைக்கருபோல் திரண்டு அடியில் ஒட்டும். சில விநாடிகளில் நோயுள்ள காம்பு எது என்று தெரிந்துவிடும்!

எனவே ‘புலப்படா மடிநோய்’ என்று வைக்கலாம். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத நோய் என்பது சொல்லிலேயே இருக்கிறது. இணையாக, கண்ணால் காணும் வகையைப் ‘புலப்படும் மடிநோய்’ எனலாம். மாடு வளர்ப்பவரிடம் விளக்கம் சொல்லாமலே இரண்டும் புரியும்.

பாலில் உள்ள அணுக்களை எண்ணிச் சொல்லும் சொமேட்டிக் செல் கவுண்ட்டுக்குப் பரிந்துரையாக வந்த ‘நுண்ணணு எண்ணிக்கை’யை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். படிப்பவர் அதை நுண்ணுயிரி என்றே எடுத்துக்கொள்வார். எண்ணப்படுபவை மாட்டின் சொந்த அணுக்கள். பெரும்பாலும் கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள். மில்லிலிட்டருக்கு 2 லட்சத்தைத் தாண்டினால் மடியில் தொற்று இருக்கலாம் என்று கொள்கிறார்கள். இதைப் பாக்டீரியாவின் எண்ணிக்கை என்று நினைப்பவர், பாலைக் காய்ச்சிவிட்டால் தீர்ந்தது என்று மாட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். ‘உடலணு எண்ணிக்கை’ என்றால் இந்தக் குழப்பம் வராது. எந்தக் கிருமி என்று அறிய ஆய்வகத்தில் செய்யும் சோதனைக்கு ‘நுண்ணுயிர் வளர்ப்பு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.