பொங்கல் குழம்பில் கேரட், பீன்ஸ் எதற்கு?

தாமிரபரணிக்கரை:
சொந்தக்காரர்கள் அனுப்பும் பொங்கல் இலைப் படங்களை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், எல்லாக் குழம்பிலும் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்குதான். சிறுகிழங்கைக் காணோம், மொச்சையைக் காணோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மகளுக்குப் பொங்கப்படி, அதாவது பொங்கல் சீர், கொடுக்கும்போது கரும்போடும் மஞ்சள் குலையோடும் சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் போகும். அதை வைத்துத்தான் குழம்பு. நாட்டுக்காயை விட்டுவிட்டு இங்கிலீஷ் காயைப் போடுவதற்குப் பொங்கல் குழம்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

சமையல்கட்டு:
நாட்டுக்காய் எது சார்? சர்க்கரைவள்ளிக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பரங்கிக்காய்க்குப் பெயரிலேயே பரங்கி இருக்கிறது. நீங்கள் வறுத்து அரைக்கும் மிளகாய் வற்றல் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அதெல்லாம் நம்முடையது ஆகிவிட்டது, ஆனால் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களிலேயே, நீலகிரியில் பயிரான உருளைக்கிழங்கு மட்டும் இன்னும் அந்நியமா?

இன்னொன்று. அரைக் கிலோ சிறுகிழங்கைச் சுரண்ட ஒரு மணி நேரம் ஆகும். கோலம் போட்டு, வீடு கழுவி, பானை வைத்து, அதற்கு நடுவே இந்த வேலையும் யார் தலையில் விழுகிறது? என் அம்மாவுக்குப் பொங்கல் முடிந்தும் நான்கு நாள் விரலெல்லாம் கறுப்பாகவே இருக்கும். நான் அதைச் செய்ய மாட்டேன்.

தாமிரபரணிக்கரை:
பரங்கிக்காய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் பருவம் என்று சொல்லியிருக்க வேண்டும். சிறுகிழங்கை ஆடி, ஆவணியில் நட்டால் மார்கழி, தையில்தான் தோண்ட முடியும். நாட்டு மொச்சை பகல் குறுகினால்தான் பூக்கும், சித்திரையில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கொடி படருமே தவிர காய்க்காது. ஊட்டி கேரட் வைகாசியிலும் கிடைக்கும், ஐப்பசியிலும் கிடைக்கும். வருடத்தில் இரண்டே மாதம் வருவதை அந்த இரண்டு மாதத்திலும் சமைக்காமல் விட்டால், வாங்க ஆளில்லை என்று விவசாயி நடுவதையே நிறுத்திவிடுவார். எனக்கு அந்தப் பயம்தான்.

தோல் எடுக்க ஒரு வழி சொல்கிறேன். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சாக்குப்பையில் போட்டுக் கட்டி, தரையில் அழுத்தி உருட்டித் தேயுங்கள். முக்கால்வாசித் தோல் மண்ணோடு போய்விடும், மீதியைக் கத்தியால் சுரண்டினால் போதும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாக ஏறாது. எங்கள் வீட்டில் போகி ராத்திரி நானும் தம்பியும்தான் இதைச் செய்கிறோம், அம்மா தொடுவதில்லை.

வேலூர்ப் பொண்ணு:
எங்கள் பக்கம் பனிக்காலம் என்றால் பச்சை மொச்சைதான். உரித்து ராத்திரி ஊறவைத்து, காலையில் இரண்டு விரலால் பிதுக்கினால் பருப்பு துள்ளிக்கொண்டு வரும். பிதுக்கம்பருப்பும் பிஞ்சுக் கத்தரிக்காயும் போட்டு ஒரு குழம்பு, அதற்கு இட்லி. காய்ந்த மொச்சையில் அந்த ருசி வரவே வராது.

சமையல்கட்டு அக்கா, கேரட் எங்கிருந்து வந்தால் எனக்கென்ன, ருசிதான் பிரச்சினை. ஏற்கெனவே பரங்கியும் சர்க்கரைவள்ளியும் இனிப்பு. அதோடு கேரட்டும் சேர்ந்தால் எவ்வளவு புளி விட்டாலும் குழம்பு தித்திக்கும். அவரைக்காயின் லேசான துவர்ப்பும் கிழங்கின் மாவும் இருந்தால்தான் அந்த இனிப்பு அடங்கும்.

கோத்தகிரித் தோட்டம்:
கேரட்டைப் பருவமில்லாத காய் என்று ஒதுக்காதீர்கள். மார்கழி, தையில் இங்கே உறைபனி விழும். குளிர் ஏற ஏறக் கேரட்டில் சர்க்கரை கூடும், அப்போது தோண்டியதைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள், மே மாதக் கேரட் பக்கத்தில் வராது. நாங்களும் விவசாயிகள்தான்.

தாமிரபரணிக்கரை:
மன்னிக்கணும் அண்ணா, உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன அந்த இனிப்புக்காகவே அதைப் பொரியலாகவோ அல்வாவாகவோ செய்யட்டும், புளிக்குழம்பில் போட்டு வீணாக்க வேண்டாம் என்கிறேன்.

சமையல்கட்டு:
கேரட்டை எடுத்துவிடுகிறேன், தித்திப்பு பற்றி வேலூர்ப் பொண்ணு சொன்னது உண்மைதான், போன வருடம் அப்படித்தான் ஆனது. உருளைக்கிழங்கை எடுக்க மாட்டேன், என் பையன் குழம்பில் அதைத்தான் தேடுவான், பண்டிகை அவனுக்கும்தான். கால் கிலோ சிறுகிழங்கு வாங்குகிறேன், தோல் எடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டால் சேனை வேகாமல் நிற்கிறதே, எந்த வரிசையில் போடுவது?

தாமிரபரணிக்கரை:
முதலில் சேனையும் சிறுகிழங்கும், மஞ்சள்தூள் போட்டு வெறும் தண்ணீரில். அரை வேக்காட்டில் மொச்சை, உங்கள் உருளை. அப்புறம் அவரை, கடைசியில் பரங்கியும் சர்க்கரைவள்ளியும், இரண்டும் சீக்கிரம் குழைந்துவிடும். எல்லாம் வெந்தபிறகுதான் புளி. முன்னாலேயே ஊற்றினால் கிழங்கு எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும்.