அளந்து பார்க்கும் கைக்கு எந்த வேலை?

கேள்வி: தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல். எதையும் இரண்டு தடவை அளக்காமல் விடமாட்டான். விற்பனை வேலை அவனுக்கு ஒத்துவராது. வேறு என்ன பார்க்கலாம் அண்ணா?

பதில் 1: தாராளமாக, செய்த பாகங்களின் அளவு சரியா என்று பார்க்கும் தர ஆய்வு வேலைக்கு அனுப்புங்கள். கோவையில் பம்ப் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அளப்பதில் எனக்கு 14 வருடம். நுண்ணிய அளவு எடுக்கும் மைக்ரோமீட்டரை எடுத்ததும், பொருளைப் பிடிக்கும் அதன் இரு முகங்களையும் துடைத்து, மூடி, பூஜ்யம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் முனையில் உள்ள ராட்செட் என்ற சிறு குமிழைத்தான் சுற்ற வேண்டும்; அது அழுத்தத்தை ஒரே அளவாக வைக்கும். திம்பிளை (அளவுக் கோடுகள் உள்ள சுழல் உருளையை) இறுக்கினால் 0.01 மி.மீ. சுலபமாகத் தவறும். சேர்ந்த புதிதில், லேத்திலிருந்து சூடாக வந்த ஷாஃப்டை அளந்து 'சரி' போட்டுவிட்டேன். ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விட்டது. ஒரு தட்டு முழுக்கக் கழிவு. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. 100 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.011 மி.மீ. நீளும்.

பதில் 2: காலிபரேஷன் லேப்பும் பாருங்கள். கருவிகளையே அளக்கும் வேலை, 20 டிகிரி அறை. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குச் சான்று தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள இடமாகத் தேடுங்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. பாகத்தின் நீள, அகல, உயரத்தைத் தொட்டு அளக்கும் சிஎம்எம் இயந்திரமும் தம்பி கற்றுக்கொள்ளட்டுமா?

பதில் 1: கட்டாயம். ஆனால் முதலில் ஆறு மாதம் வெர்னியர் அளவுகோல் கையில் பழகட்டும்.