வடிகுழாய்ப் பொருத்து வேலையைத் திஹுவானாவுக்கு மாற்றுவது குறித்து

கேள்வி:
வணக்கம். சான் டியேகோவில் இதய வடிகுழாய் தயாரிக்கும் சிறு நிறுவனமொன்றின் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். ஆசியாவில் ஓர் ஒப்பந்த ஆலையில் நடந்துவரும் பொருத்து வேலையை, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் திஹுவானாவுக்குக் கொண்டுவர நிர்வாகம் எண்ணுகிறது. இதுவரை கூலிக் கணக்கு மட்டுமே போடப்பட்டுள்ளது. சொந்தமாக ஆலை தொடங்குவதா, தன் அனுமதியின் கீழ் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆலை நடத்த இடம்தரும் உள்ளூர் ‘ஷெல்டர்’ நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குவதா? தரச் சரிபார்ப்பில் எவற்றை மறுபடி செய்ய நேரும்? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முதல் ஆலைக்கு ஷெல்டரே ஏற்றது என்பேன். 2006 ஆம் ஆண்டு ஆணைப்படியான இம்மெக்ஸ் (மெக்சிகோ அரசின் ஏற்றுமதி உற்பத்தித் திட்டம்) அனுமதி அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதால், ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருள்களைத் தற்காலிக இறக்குமதியாகக் கொண்டுவரும் சலுகை உங்களுக்கு விரைவில் கிட்டும். ஆட்சேர்ப்பு, சம்பளம், சுங்கம் ஆகியவற்றையும் அவர்களே கவனிப்பார்கள். உற்பத்தி முறையையும் தரக் கட்டுப்பாட்டையும் மட்டும் எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள்.

மறுமொழி 2:
தரப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இயந்திரங்கள் அதே இயந்திரங்களாக இருந்தாலும், இடம் மாறியபின் அவற்றின் நிறுவல், இயக்கம், செயல்திறன் ஆகிய மூன்றையும் புதிய ஆலையில் மீண்டும் நிரூபித்தாக வேண்டும். பலரும் மறப்பது கிருமி நீக்கத்தை. புதிய தூய அறையின் காற்றும் நீரும் வேலை செய்யும் கைகளும் வேறு என்பதால், வடிகுழாயின்மேல் தங்கும் நுண்ணுயிர்ச் சுமையும் மாறக்கூடும். அதை அளந்து பார்க்காமல் எத்திலீன் ஆக்சைடு வாயுவைக் கொண்டு கிருமி நீக்கும் பழைய சுழற்சியே போதும் என்று முடிவு செய்வது நோயாளியின் உயிரோடு தொடர்புடைய தவறு. உங்கள் சாதனம் மிகுந்த ஆபத்துள்ளவை அடங்கும் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்து, முன்சந்தை ஒப்புதல் (விற்பனைக்கு முன் பெறும் ஒப்புதல்) பெற்றதாக இருந்தால், ஆலை மாற்றத்துக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் துணை விண்ணப்பமும் தேவைப்படும். 2026 பிப்ரவரி 2 முதல் அமெரிக்கத் தர விதி மருத்துவச் சாதனங்களுக்கான பன்னாட்டுத் தர மேலாண்மை நெறியான ஐ.எஸ்.ஓ. 13485 தரநிலையைத் தன்னுள் ஏற்றுள்ளதால், ஆவணங்களை அந்த அடிப்படையிலேயே அமைத்துவிடுங்கள்.

மறுமொழி 3:
கூலியை மட்டும் நம்பி வராதீர்கள். 2019 ஜனவரியில் வட எல்லைப் பகுதியின் குறைந்தபட்ச ஊதியம் இரட்டிப்பாக்கப்பட்டது. அதன் பிறகும் உயர்ந்துள்ளது. நுண்ணோக்கியின் கீழ் பசையிட்டு ஒட்டக் கற்ற கை, சற்று அதிகச் சம்பளத்துக்காக அடுத்த ஆலைக்குப் போய்விட்டால், கழிவு விகிதம் மறுபடி ஏறும். பழகியவர்களைத் தக்கவைக்கும் செலவை முதல் நாளிலிருந்தே கணக்கில் சேருங்கள். திஹுவானா–சான் டியேகோ எல்லையிலுள்ள ஓட்டாய் மேசா கடவையில் லாரிகள் காத்திருக்கும் நேரமும் அப்படியே. இவ்வளவுக்கும் ஈடு, காலையில் தெரியவந்த குறையை உங்கள் பொறியாளர் அன்றே நேரில் சென்று பார்த்துவிட முடிவதுதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நுண்ணுயிர்ச் சுமை எங்கள் திட்டத்தில் இல்லவே இல்லை. புதிய ஆலையின் சரிபார்ப்பு முடியும்வரை பழைய ஆலையை நிறுத்தக் கூடாது என்று நாளைய கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.